தோட்டப் பங்குக்குக் காசு கட்டுபவர்கள் கவனிக்க

கிளிநொச்சிப் பக்கம் மரக்கறித் தோட்டம் ஏதாவதொன்றில் பருவப் பங்கு சேரும் யோசனை உங்களுக்கு இருந்தால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். காசு வைப்பிலிட்ட சிட்டையை அந்த இடத்திலேயே நின்று போனில் படம் எடுங்கள். வங்கி மெசினில் இருந்து வருகிற அந்த மெல்லிய தாள் நம்முடைய வெக்கைக்கு நிற்காது. படம் எடுத்து வைத்திருந்தபடியால்தான் இன்றைக்கு என் பங்கு என் கைக்கு வந்திருக்கிறது.

முறை பலருக்கும் தெரிந்ததுதான். பருவம் தொடங்க முன்பே முழுக்காசையும் தோட்டக்காரரிடம் கொடுக்கிறோம். விதை, எரு, மோட்டருக்கு மண்ணெண்ணெய் எல்லாம் அதில் நடக்கும். விளைந்ததில் நமக்குரியது கிழமைக்கு ஒரு பையாக வரும். ஜப்பானில் 1970களிலேயே குடும்பப் பெண்களும் கமக்காரரும் இப்படி நேரடியாகச் சேர்ந்துகொண்டார்கள். அமெரிக்காவில் 1986இல் தொடங்கியது. நான் சேர்ந்ததற்குக் காரணம் அந்த வரலாறு இல்லை. சந்தைக்குக் கொண்டுபோகிற கமக்காரரிடம் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ 'கழிவு' என்று வெட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்தவள் நான். 2021இல் இரசாயன உரத்தை ஒரே நாளில் தடை செய்து, அந்த வருசக் கடைசியிலேயே தடையை எடுத்தார்கள். இடையில் அடிபட்டது முழுக்கத் தோட்டக்காரர். அவர்களுக்கு முற்காசு கையில் இருந்தால் எவ்வளவு உதவி என்று அப்போதே நினைத்திருந்தேன். ஆகவே இரணைமடுக் குளத்து வாய்க்கால் தண்ணீர் பாயும் பக்கத்தில் ஒரு குழு பங்கு சேர்க்கிறது என்று கேள்விப்பட்டதும் யோசிக்கவே இல்லை.

படிவம், அடையாள அட்டைப் பிரதி, காசு எல்லாம் கார்த்திகையில் ஒரே பின்னேரத்தோடு முடிந்தது. கரைச்சல் தையில்தான் தொடங்கியது.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை ஏ-9 வீதியோரம் ஒரு கடை வாசலில் பை கொடுப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். உரப்பையைத் தைத்த பைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு இலக்கம். கொப்பியோடு நின்ற தம்பி மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, லிஸ்டில உங்கட பேர் இல்லை" என்றான்.

"கார்த்திகையிலயே காசு கட்டினனான் தம்பி."

"கட்டியிருந்தா பேர் இருந்திருக்கும்தானே."

எனக்குப் பின்னால் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சொல் இன்னும் ஆறவில்லை. அவன் இருபது வயதுப் பிள்ளை, கொப்பியில் உள்ளதைத்தான் சொன்னான், அது விளங்குகிறது. ஆனால் காசு கட்டியவரிடம் "பொறுங்கோ, விசாரிச்சுச் சொல்லுறன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

குழுவின் அலுவலகத்துக்குப் போனேன். ஒறிஜினல் சிட்டை வேண்டும் என்றார்கள். படிவத்தின் பிரதியோடு சேர்த்து, நனையாமல் இருக்கப் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்த சிட்டையை எடுத்து நீட்டினால், தாள் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. ஒரு மூலையில் மட்டும் இரண்டு இலக்கம் மங்கலாகத் தெரிகிறது. வெப்பத்தால் எழுத்து விழுகிற தாள் அது. வெக்கையில் மங்கும். சில பிளாஸ்டிக் உறைகளுக்குள் இன்னும் கெதியாக அழிந்துபோகும். இதை வங்கியில் யாரும் சொல்வதில்லை.

போனில் இருந்த படத்தைக் காட்டினேன். திகதி, நேரம், தொகை, கணக்கு இலக்கம் எல்லாம் தெளிவாக இருந்தது. "படத்தை ஏற்க ஏலாது, வங்கியில இருந்து கடிதம் கொண்டு வாங்கோ" என்றார் அங்கே இருந்த அம்மா. வங்கிக்குப் போனால், கணக்கு வைத்திருப்பவர் கேட்டால்தான் விபரம் தருவோம் என்கிறார்கள். வங்கி சொல்வது சரி. மற்றவருடைய கணக்கை எனக்குக் காட்டக் கூடாது. அப்படியென்றால் கணக்கு வைத்திருக்கும் குழுவே போய்க் கேட்க வேண்டிய விபரத்துக்கு என்னை ஏன் அலைக்கழித்தார்கள்? இதற்கிடையில் ஒவ்வொரு சனியும் என் பங்குப் பை யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் நேரே தோட்டத்துக்கே போனேன். குழுவின் மூத்த கமக்காரர் புடோல் பந்தலுக்குக் கீழே நின்று, வளைந்து வளர்ந்த பிஞ்சுகளின் நுனியில் சின்னக் கல்லுகளைத் தும்பால் கட்டிக்கொண்டிருந்தார். பிஞ்சு முறியாமல், கல்லின் பாரத்துக்கு மட்டும் நிமிர வேண்டும். ஒவ்வொரு கல்லையும் உள்ளங்கையில் போட்டு நிறை பார்த்துத்தான் எடுத்தார். கட்டி முடியும் வரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு என் போனை வாங்கிப் பார்த்தார்.

"பிள்ளை, இதில காசு போன இலக்கம் எங்கட கணக்குத்தான். பேந்தென்ன?" என்றார். உடனே பொருளாளருக்குப் போன் எடுத்து, வங்கிப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் பதிந்து வரச் சொன்னார். கார்த்திகைக்குப் பிறகு அந்தப் புத்தகத்தை ஒருவரும் வங்கிக்குக் கொண்டு போயிருக்கவில்லை. பதிந்து வந்த பக்கத்தில் அதே திகதி, அதே தொகை. யாருடைய காசு என்று மட்டும் அதில் இல்லை. அப்புறம் படிவக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், என் படிவம் இன்னொருவருடைய படிவத்தின் பின்னால் சேர்த்துப் பின் குத்தப்பட்டிருந்தது. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஒரு பெயரைப் பதிந்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

தவறிய பைகளுக்குப் பதிலாகக் கொஞ்சம் வெண்டிக்காய் கூடுதலாகப் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. தவறிய கிழமைகள் எத்தனையோ அத்தனையும் பருவக் கடைசியில் சேர வேண்டும் என்று நின்றேன். ஐயா தலையாட்டினார். படிவத்தின் பின்பக்கத்தில் அதை எழுதி, பொருளாளரும் அவரும் கையெழுத்து வைத்தார்கள். திரும்பி வரும்போது மனம் அவ்வளவு இலேசாக இருந்தது.

படிவத்தில் "விளைச்சல் இழப்பைப் பங்காளரும் ஏற்றுக்கொள்வர்" என்று ஒரு வரி இருக்கிறது. அலுவலகத்தில் முதலில் அந்த வரியைத்தான் எனக்குக் காட்டினார்கள். நான் அந்த வரியை முழுமனதோடு ஏற்றவள். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறந்தபோதும், 2024 நவம்பர் வெள்ளத்திலும் இங்கே தோட்டமும் வயலும் என்ன பாடு பட்டன என்று தெரியும். மழை அடித்துக்கொண்டு போனால், பன்றி மரவள்ளியைக் கிண்டினால், குரங்கு பயிற்றங்காயைப் பிடுங்கினால் நட்டத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பதிவில் வந்த பிழை விளைச்சல் இழப்பு இல்லை. அந்த வரியை இதற்கெல்லாம் இழுக்க விடாதீர்கள். இன்னொன்று, நாற்று நட முன்பே வெள்ளம் வந்தால் உங்கள் காசு அடுத்த பருவத்துக்குப் போகுமா என்று கேளுங்கள். போகும் என்று வாயால் சொல்கிறார்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் கீரைதான் வரும். முளைக்கீரை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். வெண்டி காய்க்க ஒன்றரை மாதமாவது வேண்டும். கத்தரி நட்டு இரண்டு மாதம் போகும். முதல் கிழமைகளில் கீரையும் வல்லாரையும் முருங்கையிலையும் மட்டும் வருகிறது என்று சிலர் சண்டை பிடித்ததைக் கேள்விப்பட்டேன். அது ஏமாற்று இல்லை. எனக்கு வந்த முதல் பையில் கத்தரி, பயிற்றை, பச்சை மிளகாய், ஒரு கீறு பூசணி, கல் கட்டி நிமிர்த்திய புடோல் ஒன்று எல்லாம் இருந்தன. கத்தரிக் காம்பு முள் கையில் குத்தியது. அவ்வளவு புதுசு.

காலை ஒன்பது மணிக்கு முன்பே போய் எடுங்கள், வெயில் ஏறினால் கீரை வாடிவிடும். வெறும் பையை அடுத்த கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும். இப்போது காபன் தாள் வைத்த பற்றுச்சீட்டுக் கொப்பி ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், காசு கட்டிய உடனே போய் அதில் ஒரு துண்டு எழுதி வாங்குங்கள். சிறுபோகப் பங்குக்குப் பதிவு பங்குனிக் கடைசியில். இரண்டு பேர் உள்ள வீடென்றால் அரைப்பங்கு போதும், ஆனால் பதியும்போதே சொல்லிவிடுங்கள், இடையில் மாற்றித் தரமாட்டார்கள்.