நாடா வளையத்தில் ஜாஸ்

1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. ஓடுகிறது, ஆகவே ஏறத்தாழ 24 செ.மீ. நறுக்கி, முனைகளை ஒட்டி வளையமாக்கினால், ஐந்து விநாடி ஒலி திரும்பத் திரும்ப வரும். நான் ஒரு வளையத்தில் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்தையும், சற்றே நீளமான மற்றொன்றில் சாக்ஸபோனையும் பதிந்து, தனித்தனி ரெக்கார்டர்களில் ஒருசேர ஓடவிடுகிறேன். நீளம் வேறுபடுவதால் அவை சந்திக்கும் இடம் சுற்றுக்குச் சுற்று நகர்ந்து, ஜாஸ் கலைஞர்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்வதைப் போன்ற உரையாடல், யாரும் எழுதிவைக்காமலேயே உருவாகிறது (இயந்திரத்துக்கு மனோதர்மம் ஏது என்று கேட்பவர்கள் கேட்கட்டும்). மோட்டாரின் வேகத்தைத் திருகாணியால் கூட்டிக் குறைக்கையில் சுருதியும் உடன் நழுவுவதால், அங்கேதான் என் கை வாசிக்கத் தொடங்குகிறது. பழைய நாடாவின் இரைச்சலை நான் அகற்றுவதில்லை. பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மை வருடும் ஓசைக்கு அது வெகு அருகில் இருக்கிறது.