அரை சதவீதக் கணக்கு

எங்கள் பிரிவில் பீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரிக்கிறோம். வழக்கம்போல பீரைத் தயாரித்து முடித்த பிறகு, வெற்றிடத்தில் மிதமான சூட்டில் ஆல்கஹாலை ஆவியாக்கி வெளியேற்றுவோம். மிச்சம் 0.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால்தான் சரக்கு ஆலையை விட்டுப் போகும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நான் சரிபார்க்கும் இந்த எல்லை, 1919-இல் வோல்ஸ்டெட் சட்டம் போட்ட கோடு. அமெரிக்க மதுவிலக்கின் மிச்சம்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பீர் தொழிலே ஜெர்மன் குடும்பங்களின் கையில் இருந்தது. 1917-இல் அமெரிக்கா ஜெர்மனியோடு போருக்குப் போனதும், மதுவிலக்குக்காரர்களுக்கு நல்ல வாய்ப்பு. படைவீரனுக்கு ரொட்டியாக வேண்டிய தானியத்தை எதிரியின் இனத்தான் பீராக்குகிறான் என்று பேசினால் யார் எதிர்த்துப் பேசுவார்? அந்த ஊரின் பெரிய பீர் ஆலையான ஆன்ஹைசர்-புஷ்ஷை வளர்த்த, அப்போது காலமாகிவிட்ட அடோல்ஃபஸ் புஷ்ஷின் மனைவி லில்லி, போர் தொடங்கியபோது ஜெர்மனியில் இருந்தவர். எழுபது வயதைத் தாண்டிய அந்த அம்மாள் 1918-இல் ஊர் திரும்பியபோது, கீ வெஸ்ட் துறைமுகத்தில் உடலைக் கூட விடாமல் சோதித்தார்கள். மகன் ஆகஸ்ட் போர்ப் பத்திரங்கள் வாங்கியதெல்லாம் அங்கே எடுபடவில்லை.

போர் மட்டும் காரணமில்லை. 1913-இல் வருமான வரி வந்துவிட்டதால், மதுவரி இல்லாமலும் அரசாங்கம் நடக்கும் என்ற துணிச்சல் ஏற்பட்டிருந்தது. ஆனால் அந்த வெறுப்பு இல்லாமல் காரியம் இவ்வளவு வேகமாக முடிந்திருக்காது என்பது என் எண்ணம். 1920 ஜனவரியில் தடை அமலுக்கு வந்தது.

அப்புறம் நடந்ததுதான் தொழிற்சாலைக்காரனான எனக்குப் பிடித்த பகுதி. இந்தக் குடும்பங்கள் செய்த லாகர் வகை பீருக்குக் குளிர் வேண்டும். ஆகவே இந்த ஆலைகளில் பெரிய குளிரூட்டும் இயந்திரங்கள் இருந்தன. சட்டம் தடுத்தது பீரைத்தான், குளிரை அல்ல. புஷ் குடும்பம் ஐஸ்கிரீம் செய்தது. ரொட்டிக்கான ஈஸ்ட், பீருக்கு மூலப்பொருளான முளைகட்டிய தானியத்திலிருந்து எடுக்கும் மால்ட் சிரப், ‘பீவோ’ என்ற ஆல்கஹால் இல்லாத பானம் எல்லாம் விற்றது. பென்சில்வேனியாவில் யூங்லிங் குடும்பமும் பால்பண்ணை வைத்து ஐஸ்கிரீமுக்குப் போனது. மால்ட் சிரப்பை வாங்கியவர்கள் வீட்டில் அதை என்ன செய்தார்கள் என்பது விற்றவர்களுக்கும் தெரியும்.

அதே ஊரின் லெம்ப் குடும்பம் தாக்குப்பிடிக்கவில்லை. அவர்களுடைய பீர் ஆலை, 1922-இல் அதன் மதிப்பில் சிறு பங்கான 5,88,500 டாலருக்குக் காலணி நிறுவனம் ஒன்றின் கைக்குப் போனது. கிடங்கு வேலைக்கு.