புள்ளிவிவரச் சேகரிப்புக்கு சர்வீஸ் கட்டமைப்பு: அடிபட்ட இடங்கள்

பெங்களூரில் சிறுதொழில் கூடங்களைக் கணக்கெடுக்கும் மென்பொருளை, தனித்தனி சர்வீஸ்களாக, அதாவது தனியாக ஓடி ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் சிறு நிரல்களாகப் பிரித்த கட்டமைப்பில் கட்டி முடித்து, இப்போதுதான் நிம்மதியாக ஓடுகிறது. சர்வர், டேப்லெட், பயிற்சி எதிலும் சிக்கல் வரவில்லை. அடிபட்ட இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தவறு, திரையைப் பார்த்துப் பிரித்தது. லாகின் ஒரு சர்வீஸ், கேள்வித்தாள் ஒன்று, பதிவேற்றம் ஒன்று, அறிக்கை ஒன்று. கேள்வித்தாளில் ஒரு கேள்வி கூடினாலும் நான்கையும் திறக்க வேண்டியிருந்தது. பிறகு ஜிஎஸ்பிபிஎம் (புள்ளிவிவரப் பணியின் கட்டங்களை எண் போட்டு வரிசைப்படுத்தும் சர்வதேச மாதிரி) 5.1 பதிப்பை எடுத்துவைத்து, புள்ளிவிவர வேலை எப்படிப் பிரிகிறதோ அப்படியே பிரித்தோம். 4.1 மாதிரித் தேர்வு, 5.2 குறியீடு இடுதல், 5.3 சரிபார்த்தல் ஆகிய மூன்றும் தனி சர்வீஸ். மீதி எல்லாம் ஒரே அப்ளிகேஷன். சின்னக் குழு என்றால் இதற்கு மேல் பிரிக்கவே பிரிக்காதீர்கள். பராமரிப்பிலேயே பொழுது போய்விடும்.

அடுத்தது பெரிய அடி. டேப்லெட்டில் ‘சேமி’ அழுத்தியதும் கேட்வே (கோரிக்கைகள் முதலில் வந்து சேரும் நுழைவாயில்), சரிபார்ப்பு, குறியீட்டுப் பட்டியல், மாதிரிப் பட்டியல், டேட்டாபேஸ் என்று ஐந்தும் ஒன்றையொன்று கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தன. ஒவ்வொன்றும் 99 சதவீத நேரம் ஒழுங்காக ஓடினாலும், ஐந்தும் சேர்ந்து ஓடுவது 95 சதவீதம்தான். அலுவலகத்தில் சோதித்தபோது இது கண்ணில் படவில்லை. பீன்யாவில் தகரக் கூரை போட்ட லேத் பட்டறைக்குள் சிக்னல் ஒரு கோடு. திரையில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, பட்டறைக்காரர் "ஆய்த்தா சார்?" (முடிந்ததா சார்?) என்று இரண்டாம் முறை கேட்கிறார், முப்பதாவது விநாடியில் டைம்அவுட். தகவல் சர்வரில் பதிவாகிவிட்டது, பதில்தான் வந்து சேரவில்லை. ஆய்வாளர் மறுபடி அழுத்த, அதே பட்டறை புது வரிசை எண்ணோடு இரண்டாம் முறையும் ஏறிவிட்டது.

இதற்கு மருந்து மூன்று. படிவத்தைத் திறக்கும்போதே டேப்லெட்டில் ஒரு யூயூஐடி (வேறு எதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக வேண்டும்; டேட்டாபேஸில் அது இரண்டாம் முறை ஏறாதபடி யூனிக் கட்டுப்பாடு போட்டு, அதே எண் திரும்ப வந்தால் பிழை காட்டாமல் ‘கிடைத்தது’ என்றே பதில் அனுப்ப வேண்டும். பதிவேற்றம் க்யூவில் (காத்திருப்பு வரிசையில்) போய் விழுந்தால் போதும், மற்ற சர்வீஸ்கள் பின்னால் எடுத்துக்கொள்ளட்டும். வயது, கூட்டுத்தொகை போன்ற எளிய சோதனைகள் டேப்லெட்டிலேயே நடக்கட்டும்; ஆனால் அந்த விதிகளைச் சரிபார்ப்பு சர்வீஸ்தான் பதிப்பு எண்ணோடு அனுப்ப வேண்டும். விதி இரண்டு இடத்தில் எழுதப்பட்டால் ஒரே மாதத்தில் இரண்டு விதமாகிவிடும்.

குறியீட்டில் வந்த பிழை சத்தமே இல்லாமல் வந்தது. என்ஐசி 2008 (இந்தியாவின் தேசிய தொழில் வகைப்பாடு) தொழில் குறியீடு ஐந்து இலக்கம். மாடு, எருமை வளர்ப்பு 0141 என்று தொடங்கும். ஒரு சர்வீஸ் அதை எழுத்தாக அனுப்பியது, அடுத்தது எண்ணாக வாங்கியது; முன்னால் இருந்த சுழி போய்விட்டது. அறிக்கை முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்கும். 14 என்றால் ஆயத்த ஆடைத் தயாரிப்பு. எலகங்கா பக்கத்து மாட்டுப் பண்ணைகள் ஆடைத் தொழிற்சாலைக் கணக்கில் சேர்ந்திருந்தன. பெங்களூரில் ஆடைத் தொழில் நிறைய என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. குறியீடு எதுவானாலும், சர்வீஸ்கள் எந்த வடிவில் தகவல் அனுப்பும் என்று வரையறுக்கும் சர்வீஸ் ஒப்பந்தத்தில் எழுத்துச்சரம் என்றே எழுதுங்கள், நீளத்தையும் குறிப்பிடுங்கள்.

வார்டு பட்டியலும் அப்படித்தான். 198 ஆக இருந்த வார்டுகளை 2022இல் 243 என்றார்கள், 2023இல் 225 என்றார்கள், 2025இல் மாநகராட்சியே ஐந்தானது. பட்டியலை ஒவ்வொரு சர்வீஸும் தன்னிடம் நகலெடுத்து வைத்திருந்தால் தொலைந்தோம். ஒரே சர்வீஸில், ‘எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை’ என்ற இரண்டு நெடுவரிசையோடு வையுங்கள். பழைய வரிசையை அழிக்கவே கூடாது. பழைய பதிவுகள் அதைத்தான் நம்பி நிற்கின்றன.

கடைசியில் ஒப்படைப்பு. வாங்கும் அலுவலகம் எஸ்டிஎம்எக்ஸ் (புள்ளிவிவரப் பரிமாற்றத்துக்கான சர்வதேச தரநிலை) வடிவில் கேட்டது. கொடுத்த ஃபைல் இரண்டு முறை "ஃபைல் தப்பு" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்தது, எந்த வரியில் தப்பு என்று சொல்ல அங்கே ஆளில்லை. எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து போய்வர இரண்டு நாளும் வீண். அவர்கள் முதலில் கொடுத்த பிடிஎஃப், தரவுக் கட்டமைப்பு வரையறையின் 1.0 பதிப்பு, சோதிக்கும் இயந்திரத்தில் இருந்தது 1.1. எஸ்டிஎம்எக்ஸில் வரையறையை அடையாளம் காட்டுவது நிறுவன அடையாளம், வரையறையின் ஐடி, பதிப்பு மூன்றும் சேர்ந்துதான். ஒன்று மாறினாலும் அது வேறு வரையறை. பிடிஎஃப்பை வாங்காதீர்கள், எக்ஸ்எம்எல் ஃபைலையே கேட்டு வாங்கி, உங்கள் பக்கம் சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். மூன்றாம் முறை அப்படித்தான் போனோம். பத்தே நிமிடத்தில் ரசீது கிடைத்தது.