எலி கம்முக்கு எதிராக இரண்டு ஏஜிஎம்

மலேசியாவின் பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் பிளாட்டில் எலி கம், அதாவது எலி ஒட்டிக்கொள்ளும் பசை அட்டை, வைக்கத் தடை வந்து இரண்டு மாதம் ஆகிறது. கூடுதல் துணைவிதியாகவே ஏற்றிவிட்டோம், மீறினால் 200 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம். இதற்கு ஒன்றரை வருஷம் ஆனது. அதில் ஒரு முழு வருஷம் என் அவசரத்தால் போனது. நீங்களும் உங்கள் பிளாட்டில் இதைக் கிளப்பப் போகிறீர்கள் என்றால் முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

எல்லாம் ஒரு மைனாவில் தொடங்கியது. குப்பை அறை வாசலில் பூச்சி மருந்துக்காரர் வைத்துவிட்டுப் போன கம் அட்டை. அதில் ஏற்கெனவே ஒரு சுண்டெலி காய்ந்து கிடந்தது. அதைக் கொத்த வந்த மைனாவின் இரண்டு காலும் ஓர் இறக்கையும் ஒட்டிக்கொண்டன. அது அலகைத் திறந்து திறந்து மூடியது, சத்தம்தான் வரவில்லை. இழுத்த இழுப்பில் இறக்கையின் வெள்ளைப் பட்டை இறகுகள் அட்டையிலேயே நின்றன. நான் ஓடிப்போய்ச் சமையல் எண்ணெயைக் கொண்டுவந்து ஊற்றினேன். கால் விட்டது. ஆனால் மிருக டாக்டரிடம் கொண்டுபோனபோது அவர் உதட்டைப் பிதுக்கினார். பூனைக்குட்டி என்றால் எண்ணெய் சரியாம். பறவைக்கு இறகு நனைந்தால் உடம்பு சூடு போய்விடும். வெளியே தெரியும் பசை மேல் மாவோ டிஷ்யூவோ போட்டு மூடி, அட்டையை ஓரம் வெட்டி, அப்படியே பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்க வேண்டுமாம். அன்று ராத்திரியே செத்துப்போனது.

மறுநாள் மேனேஜ்மென்ட் ஆபீஸ். அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. "எலிக்கு வச்சதுக்கா, மைனா வந்து மாட்டுனா நாங்க என்ன பண்றது?" புகார் படிவம் கேட்டேன், தீர்ந்துவிட்டது என்றாள். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாள் எங்கே போனதென்று இன்றுவரை தெரியாது. நகல் வாங்கி முத்திரை போட்டுக்கொள்ளாமல் எதையும் கொடுக்காதீர்கள்.

அப்புறம் ஓர் அரசு அலுவலகம். அரை நாள் லீவு போட்டுப் போனேன். 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில், கொடுமைப்படுத்தினால் 20,000 வெள்ளியிலிருந்து ஒரு லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று இருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வீரமாகப் போனேன். கவுன்டரில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "படம் இருக்கா?" இல்லை. மைனா துடிக்கும்போது படமா எடுக்கத் தோன்றும்? பிளாட்டுக்குள் நடப்பது நிர்வாகக் குழு பொறுப்பு, அங்கேயே பேசுங்கள் என்று அனுப்பிவிட்டார். கிராப் டாக்ஸிக் கட்டணம் இருபத்தெட்டு வெள்ளி தண்டம்.

சரி, குழுவிலேயே பேசுவோம் என்று ஏஜிஎம் என்கிற வருடாந்தரப் பொதுக்கூட்டத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தீர்மானக் கடிதம் கொடுத்தேன். இரண்டு பக்கம். வேல்ஸில் 2023 அக்டோபரிலிருந்து தடை, இங்கிலாந்தில் 2022இல் சட்டம் போட்டு 2024 ஜூலை 31 முதல் நடப்புக்கு வந்தது, நியூசிலாந்தில் 2015 முதலே அனுமதி இல்லாமல் விற்கவோ வைக்கவோ முடியாது என்று எல்லாவற்றையும் அடுக்கியிருந்தேன். கூட்டத்தில் தலைவர் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, அது இங்கிலாந்து. இது ஜெலுத்தோங்." எல்லோரும் சிரித்தார்கள். அதற்கு மேல்தான் அடி விழுந்தது. துணைவிதி சேர்க்கச் சிறப்புத் தீர்மானம் வேண்டும், அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும், நீங்கள் கொடுத்தது பத்து நாள். அடுத்த வருஷம் பாருங்கள். சட்டப்படி அவர் சொன்னது சரி. நான்தான் படிக்காமல் போனேன்.

அந்த ஒரு வருஷம் வீணாகவில்லை என்று இப்போது சொல்லலாம். கூட்டம் முடிந்து லிப்டுக்கு நிற்கும்போது கீழ்மாடி மளிகைக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, கேட்டார், "கம் வேணாம்னா எலியை நீ வந்து பிடிப்பியா?" நியாயமான கேள்வி. என் இரண்டு பக்கக் கடிதத்தில் அதற்கு ஒரு வரி பதில் இல்லை.

மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற பிளம்பர் அங்கிள் ஒருவர் இருக்கிறார். அவரும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச்சோடு கீழ்மாடி முழுக்கச் சுற்றினோம். பென்சில் நுழைகிற ஓட்டை போதும், சுண்டெலி உள்ளே வந்துவிடும் என்று சொல்லி, தன் பென்சிலையே ஒவ்வொரு குழாய் ஓரத்திலும் விட்டுக் காட்டினார். பதினேழு ஓட்டை. கம்பிப் பஞ்சைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். குப்பை அறைக் கதவடியில் தகரப் பட்டை அடித்தோம். எல்லாம் சேர்த்து 140 வெள்ளி, எங்கள் கையிலிருந்து. தவுக்கே அரிசி மூட்டைகளைத் தரையிலிருந்து பலகை மேல் ஏற்றினார். இரண்டே மாதத்தில் அவரே வந்து, எலி குறைந்துவிட்டது என்று சொன்னார். அவர் ஓட்டு அன்றே என் பக்கம் வந்துவிட்டது.

உயிரோடு பிடிக்கும் கூண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரம்பத்தில் நான் அதைத்தான் தூக்கிப் பிடித்தேன். காலையிலும் மாலையிலும் பார்க்காவிட்டால் நம் வெயிலில் எலி கூண்டிலேயே வெந்து சாகும். தூரத்தில் கொண்டுபோய் விட்டாலும், பழகாத இடத்தில் பெரும்பாலும் பிழைக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கம் அட்டையோடு இதையும் சேர்த்தே வேண்டாம் என்கிறது. காரணம், பயந்த எலி சிறுநீர் கழிக்கும், நோய் பரவும். எலிக்காய்ச்சல் பயம் நமக்குத் தெரியாததா? ஓட்டையை அடைப்பதுதான் முதல் வேலை. அதற்கும் மீறி வருவதற்கு, பூட்டிய பெட்டிக்குள் வைக்கும், ஒரே அடியில் முடித்துவிடும் ஸ்பிரிங் பொறி. தீர்மானத்தில் அப்படியே எழுதினேன்.

இந்த முறை 21 நாள் இல்லை, 40 நாள் முன்பே கொடுத்தேன், முத்திரையோடு. ஆனாலும் ஒரு குழி இருந்தது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே பராமரிப்புக் கட்டணப் பாக்கி இல்லாமல் இருந்தால்தான் ஓட்டு. எனக்கு ஆதரவு சொன்னவர்களில் பதினொரு வீடு பாக்கி! வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். ஐந்து பேர் கட்டினார்கள். ஒரு ஆன்ட்டி, எலிக்காக நான் எதுக்குக் கட்டணும் என்று கதவைச் சாத்தினார்.

விழுந்தது 64 ஓட்டு. சிறப்புத் தீர்மானத்துக்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும், அதாவது 48. கிடைத்தது 50. அந்த ஐந்து பேர் கட்டியிராவிட்டால் இன்னும் நெருக்கமாகப் போயிருக்கும். கை தூக்கியவர்களை எண்ணும்போது என் கை நடுங்கியது.

சிஓபி என்கிற கட்டட ஆணையர் அலுவலகத்தில் தீர்மானத்தின் பிரதியைச் சேர்ப்பது மட்டும் பாக்கி. நம் ஆபீஸ் அதை மூன்று வாரம் டிராயரில் வைத்திருந்தது. நான் தினமும் போய் நின்ற பிறகுதான் போனது.

போன வாரம் பூச்சி மருந்துக் கம்பெனியின் புதுக் கொட்டேஷன் வந்தது. நான்காவது வரியில் பழையபடி கம் அட்டை, முப்பது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, துணைவிதியின் நகலைப் பின் அடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.