80 நிமிட சிடியில் ப்ளூஸும் ஜாஸும்: மூன்றாம் வடிவம் வரை

நண்பர்கள் வட்டத்தில் கேட்டுப் பேசுவதற்கான தொகுப்பு. 1925 முதல் 1959 வரை 22 பதிவுகள். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய பத்தங்குல ‘78’ தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்பதால் 21 பதிவுகள் 65 நிமிடத்தில் அடங்கின. கடைசியாக வரும் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ மட்டும் பத்து நிமிடத்தை ஒட்டியது.

முதல் வடிவம் ஒலி அளவிலேயே கெட்டது. எல்லா ஃபைலையும் பீக் நார்மலைஸ் செய்ததுதான், அதாவது ஒவ்வொன்றின் உச்ச ஒலியையும் ஒரே வரம்புக்கு ஏற்றியதுதான், காரணம். பழைய தட்டில் உச்சத்தில் நிற்பது பாட்டு இல்லை, கீறலின் ‘டிக்’. அந்த டிக் வரம்பைத் தொட்டதும் குரல் கீழேயே தங்கிவிடும். ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டன் முனகலாகக் கேட்டார்; அடுத்து வந்த ஐம்பதுகளின் பதிவு காதைப் பிளந்தது. டிக்கைச் சரிசெய்துவிட்டு, ஒவ்வொன்றையும் மைனஸ் 18 எல்யுஎஃப்எஸ்-க்குக் (காது உணரும் சராசரி ஒலி அளவின் அலகு) கொண்டுவந்ததும் சமநிலை வந்தது. இரைச்சல் மிகுந்த பாரமவுண்ட் கம்பெனித் தட்டுகளுக்கு மட்டும் 2 டெசிபல் கூடுதலாகத் தேவைப்பட்டது. மீட்டர் இரைச்சலையும் பாட்டோடு சேர்த்தே அளப்பதால் வரும் வித்தியாசம் இது.

இரண்டாம் வடிவத்தைக் கெடுத்தது சுத்தம் செய்யும் ஆசை. டிரம்பெட் கலைஞர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 1928 ஜூன் 28-ல் சிகாகோவில் பதிவு செய்த ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ இதற்கு நல்ல உரைகல். டிராம்போன் வரும் இடத்தில் டிரம்மர் ஜுட்டி சிங்கிள்டன் கட்டையைத் தட்டுவதுபோல ‘டொக் டொக்’ என்று தாளம் போடுகிறார். டிக்கைத் தானாக நீக்கும் ‘கிளிக் ரிமூவல்’ அதையும் கீறல் என்று எண்ணி மழித்துவிட்டது. பாட்டின் முடிவுக்குச் சற்று முன், டிரம்பெட் ஒரே சுரத்தை ஏறக்குறைய நான்கு பார் (தாளச் சுற்று) பிடித்து நிற்கும். 12 டெசிபல் இரைச்சல் குறைப்பில் அந்தச் சுரத்தைச் சுற்றித் தண்ணீர் சலசலப்பதுபோல ஒரு ஒலி வந்தது. 6 டெசிபலுக்கு மேல் போகவே கூடாது. இரைச்சல் மாதிரியை இசை தொடங்குமுன் வரும் வெற்றுப் பள்ளத்திலிருந்து எடுக்க வேண்டும். அரை விநாடி போதும். பெரிய டிக்குகளை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளின் ‘ரிப்பேர்’ வைத்துக் கையாலேயே எடுக்கலாம். அது ஒரு தடவைக்கு 128 சாம்பிள், அதாவது 3 மில்லி விநாடிக்குச் சற்றுக் குறைவாக, மட்டுமே எடுத்துக்கொள்ளும். நேரம் பிடிக்கும், ஆனால் தாளம் பிழைக்கும்.

ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருத்திய பகுதி) எடுத்த 78 என்றால் இதற்கெல்லாம் முன்பே இரண்டு சேனலையும் கூட்டி மோனோவாக்குங்கள். இசை பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. மேலும் கீழுமாக ஊசி குதிப்பதெல்லாம் தூசியும் தேய்மானமும். கூட்டும்போது அதில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும்.

ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ 1925 ஜனவரியில் மைக் இல்லாமல், கூம்பு வழியே பதிவானது. 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டினாலும் அதில் இழப்பு தெரியவில்லை. ஃப்ரெட் லாங்ஷாவின் ஹார்மோனியம் மெல்லிய நூலாகக் கூடவே ஓடுகிறது. அது கேட்கிறதா என்பதே அங்கு சோதனை. மைக் வழியே எடுத்த மின்பதிவுகளில் இந்த வெட்டு வேண்டாம்.

அடுத்தது சுருதி. ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959 மார்ச் 2 அமர்வில் டேப் மெஷின் மெதுவாக ஓடியதால், வழக்கமான வேகத்தில் போட்டபோது சுருதி ஏறிவிட்டது. 1992 மறுவெளியீட்டில்தான் அது திருத்தப்பட்டது. அந்த அமர்வில் பதிவான ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ பி ஃப்ளாட் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட 12 பார் ப்ளூஸ். கீபோர்டில் பி ஃப்ளாட்டை அழுத்தியபடி பால் சேம்பர்ஸின் பாஸைக் கேட்டால் எந்தப் பதிப்பு என்று உடனே தெரியும். பழைய எல்பி (நீண்ட நேரம் ஓடும் தட்டு) பதிப்பிலிருந்து எடுத்ததென்றால் வேகத்தையே குறைக்க வேண்டும். சுருதியை மட்டும் இறக்கினால் தாளம் வேகமாகவே நின்றுவிடும்.

மூன்றாம் வடிவத்தில் சேர்த்தது ஒரு தாள். பதிவான நாள், ஊர், வாசித்தவர்கள், எத்தனையாவது டேக் (ஒரே பாட்டைப் பதிவுசெய்த ஒவ்வொரு முறையும் ஒரு டேக்). ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் ‘கிராஸ் ரோடு ப்ளூஸ்’ இரண்டு டேக்காக இருக்கிறது. 78-ல் வந்தது முதலாவது, 1961 எல்பியில் வந்தது இரண்டாவது. டேக் எண் எழுதாவிட்டால் இருவர் வேறு வேறு பதிவைக் கேட்டுவிட்டு ஒரே பதிவென்று நினைத்து வாதாடுவார்கள். டேக் அருகே ஆண்டு போடும்போதும் கவனம் தேவை: மென்பொருள் தானாக நிரப்புவது பெரும்பாலும் மறுவெளியீட்டு ஆண்டு. 22 பதிவுக்கும் அதைக் கையால்தான் திருத்த வேண்டியிருந்தது.