மலேசியாவின் சுங்கை சிப்புட் வீட்டுக்கு ஒரு பானக் குளிர்பெட்டி

தீபாவளிக்கு வரும் உறவினர்களுக்காகப் பானங்களை அடுக்கியபின் குளிர்சாதனப் பெட்டியில் குழம்புச் சட்டிக்கு இடமிருப்பதில்லை என்று மனைவி ஆண்டுதோறும் குறைகூறுவதால், பானங்களுக்கென்றே சிறியதொரு குளிர்பெட்டி வாங்கத் தீர்மானித்தேன். கடைக்காரர் முதலில் காட்டியது, 1834-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்ட்டியர் கண்டறிந்த மின்வெப்ப விளைவால் (மின்சாரம் பாயும்போது ஒருபுறம் குளிர்ந்து மறுபுறம் சூடாவது) இயங்கும், கம்ப்ரசர் என்னும் அழுத்தும் பொறி இல்லாத வகை. ஓசையின்மையில் மயங்கிப் பணத்தை எடுக்கவே போய்விட்டேன். ஆனால் அவ்வகைப் பெட்டி சுற்றுப்புற வெப்பத்திலிருந்து பெரும்பாலும் 15 டிகிரி அளவே குறைக்கும் என்பதால், பிற்பகலில் 33 டிகிரியைத் தொடும் எங்கள் தோட்டப்புற வீட்டில், 12 டிகிரி போதுமான வைனுக்கே அது திணறும். 4 டிகிரி வேண்டிய குளிர்பானங்களுக்கு உதவவே உதவாது. ஆகவே கம்ப்ரசர் வகையையே வாங்கி, வெப்பம் வெளியேறப் பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்தேன். மழைநாள்களில் கண்ணாடிக் கதவில் அரும்பும் நீரைத் துடைக்கப் பழைய கைலித்துணி ஒன்று அருகிலேயே கிடக்கிறது.