லைப்ரரி கார்டுக்கு நாலு நடை

நேற்று மதியம் என் மகள் கைக்கு லைப்ரரி கார்டு வந்துவிட்டது. அவள் பெயர், அவள் போட்டோ, அவளுக்கென்று ஒரு நம்பர். இரண்டு வாரத்தில் நாலு நடை நடந்து வாங்கியது. கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்தில் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், ஆதாரில் தமிழ்நாட்டு அட்ரஸ், குடியிருப்பது இங்கே என்ற சிக்கலில் மாட்டாத வீடு குறைவு. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மகள் எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். கேரளத்தில் லைப்ரரி இயக்கத்தை வளர்த்த பி.என்.பணிக்கர் நினைவாக ஜூன் 19-ல் தொடங்கும் வாசிப்பு வாரத்தில் இவளும் பேச வேண்டும். அறிவியல் டீச்சர் கொடுத்த தலைப்பு ரொனால்ட் மெக்நேர். இயற்பியல் படித்து, லேசர் ஆராய்ச்சி செய்து, பிறகு விண்வெளிக்குப் போனவர். கூடவே ஒரு பக்கம் குறிப்பும் கொடுத்திருந்தார். அதில் லேசரைப் பற்றி ஒரே ஒரு வரிதான். "லேசர்னா என்னன்னே தெரியாம மேடையில எப்படிம்மா சொல்றது?" என்று கேட்டாள். போனில் தேடினால் வந்ததெல்லாம் அவளுக்கு எட்டாத ஆங்கிலம். சரி, லைப்ரரிக்குப் போவோம் என்று தையல் வேலையை அரை நாள் ஒதுக்கி வைத்துவிட்டுக் கூட்டிப் போனேன்.

அங்கே ஓரமாக ஒரு அலமாரி தமிழ்ப் புத்தகங்கள். அதில் ஒளியைப் பற்றிய பழைய புத்தகம் ஒன்றை அவளே தேடி எடுத்தாள். லேசர் பாடம் இருந்த பக்கத்துக்குள் ஒரு விரலை விட்டபடி கவுன்ட்டரில் வைத்து நின்றாள். நான் அவள் ஆதாரை நீட்டினேன்.

"இது தமிழ்நாட்டு அட்ரஸாணல்லோ சேச்சி. இவிடெ பற்றில்ல." இங்கே முடியாது என்கிறார் கவுன்ட்டரில் இருந்தவர்.

பிரசவம் பொள்ளாச்சிப் பக்கம் என் அம்மா வீட்டில். ஆதாரும் அங்கேயே எடுத்தது. இப்போது குடியிருப்பது இங்கேதான், படிப்பதும் இங்கேதான் என்று எனக்குத் தெரிந்த மலையாளத்தில் சொன்னேன். வேறு என்ன பேப்பர் கொண்டு வரலாம் என்றும் கேட்டேன். அதற்கு, "ரேஷன் கார்டு" என்ற ஒரு வார்த்தைதான் பதில். அவள் விரல் உள்ளே இருக்கும்போதே புத்தகத்தை இழுத்துப் பின்னால் இருந்த மேசையில் வைத்துவிட்டார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில், "அவருக்கும் இதே மாதிரி நடந்துச்சும்மா" என்று ஆரம்பித்தாள். மெக்நேர் பிறந்தது 1950-ல், அமெரிக்காவின் தென் கரோலினாவில் லேக் சிட்டி என்ற சின்ன ஊர். அப்பா கார் மெக்கானிக், அம்மா டீச்சர். 1959-ல், ஒன்பது வயதில், ஊர் லைப்ரரிக்குத் தனியாகப் போய் அறிவியல் புத்தகங்களை எடுத்துவந்து கவுன்ட்டரில் வைத்திருக்கிறான். கறுப்பினத்தவருக்குப் புத்தகம் தருவதில்லை என்று சொல்லிவிட்டார்கள். புத்தகம் இல்லாமல் போக மாட்டேன் என்று கவுன்ட்டர் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டானாம். போலீஸைக் கூப்பிட்டார்கள், அம்மாவுக்கும் ஆள் போனது. வந்த போலீஸ்காரர்களே புத்தகத்தைக் கொடுத்து அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

எங்களுக்கு நடந்ததை அந்தக் கொடுமைக்குப் பக்கத்தில் வைக்க மாட்டேன். அங்கே தடுத்தது தோலின் நிறம். இங்கே ஒரு காகிதம்தான், அலைந்தால் கிடைத்துவிடும். ஆனாலும் என் பிள்ளை அந்தக் கதையைச் சொல்லும்போது ஜன்னல் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது நடை, ரேஷன் கார்டோடு. அது மாமியார் பெயரில் இருக்கிறது. என் பெயர் உண்டு, மகள் பெயர் இல்லை. பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று பதின்மூன்று வருடம் ஓட்டிவிட்டோம். பிள்ளைக்கு ஐந்து வயதில் ஒரு முறை, பதினைந்தில் ஒரு முறை ஆதாரில் கைரேகை புதுப்பிக்க வேண்டும். அப்போதே அட்ரஸையும் மாற்றிவிடுங்கள், ரேஷன் கார்டிலும் பெயரைச் சேர்த்துவிடுங்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, பிரசவத்துக்கு அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத்தான் முக்கியமாகச் சொல்கிறேன்.

அன்றைக்கு மழை வேறு. வெறுங்கையோடு பஸ் ஸ்டாண்டில் நின்றபோது, இந்தப் புத்தகமே வேண்டாம், இருக்கிற குறிப்பை வைத்துப் பேசு என்று சொல்லிவிட்டேன். அவள் கோபப்படவில்லை. மெக்நேர் கதையின் மீதியைச் சொன்னாள். மெக்நேர் வட கரோலினாவில் இயற்பியல் பட்டம் வாங்கி, 1971-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.க்கு ஆராய்ச்சி செய்யப் போனார். முனைவர் பட்டம் கைக்கு எட்டும் நேரத்தில், இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஆய்வுக் கணக்கெல்லாம் திருட்டுப் போய்விட்டது. உட்கார்ந்து அழாமல் சோதனைகளை முதலிலிருந்து செய்து, ஒரு வருடத்துக்குள் அத்தனையையும் மறுபடி எடுத்துவிட்டார். 1976-ல் பட்டமும் வாங்கினார். "அவர் ரெண்டு வருஷ வேலையைத் திரும்பச் செஞ்சாரும்மா. நமக்கு இன்னும் ஒரு பஸ்தானே?" என்றாள். அதற்குமேல் என்ன சொல்ல?

பஞ்சாயத்தில் குடியிருப்புச் சான்று வாங்கியது சிரமமே இல்லை. வார்டு மெம்பர் கையெழுத்துப் போட்டார், நாலாம் நாள் பேப்பர் கையில்.

மூன்றாவது நடையில்தான் எனக்கு அழுகையே வந்தது. சான்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "பரிச்சயக்காரர் ஒப்பு எங்கே?" என்று கேட்டார். லைப்ரரியில் ஏற்கெனவே மெம்பராக இருக்கும் ஒருவர் ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு நடை மிச்சமாகியிருக்கும், எனக்கு இரண்டு அரை நாள் கூலியும் மிச்சமாகியிருக்கும். எந்த ஆபீஸுக்குப் போனாலும் முதல் நாளே என்னென்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முகம் சுளித்தாலும் நகராதீர்கள். ஃபாரம் மலையாளத்தில் மட்டும் இருந்தால், கையெழுத்துப் போடும் முன் படிக்கத் தெரிந்த யாரிடமாவது காட்டிவிடுங்கள். பரிச்சயக்காரர் கையெழுத்துக்கு அதில் கோடே போட்டிருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ரிட்டையர் ஆன தமிழ் வாத்தியார் ஒருவர் இருக்கிறார். அந்த லைப்ரரியில் பல வருடமாக மெம்பர். போய்ச் சொன்னதும், "நாளைக்குக் காலையில போலாம், கவலைப்படாத அம்மிணி" என்று என் மகள் தலையில் கை வைத்தார். நாலாவது நடை அவரோடுதான். அவரைப் பார்த்ததும் கவுன்ட்டரில் "வரூ மாஷே" என்று நாற்காலி போட்டார்கள். மாஷ் உட்காரவில்லை. நேரே உள்ளே போய் லைப்ரேரியனைக் கூட்டிவந்தார். அந்த அம்மா வந்து ஃபாரத்தைப் பார்த்தார். பாலவேதியில், அதாவது லைப்ரரியின் சிறுவர் பிரிவில், சேரும் பிள்ளைகளுக்குப் பெற்றோர் கையெழுத்தும், ஸ்கூலிலிருந்து ஒரு கடிதமும், ஒரு மெம்பர் ஒப்பும் இருந்தால் போதும், ஆதார் அட்ரஸ் ஒரு தடையே இல்லை என்றார். ஸ்கூல் கடிதம் முதல் நாளிலிருந்தே என் பையில் இருந்தது. அதை யாரும் கேட்கவே இல்லை.

பத்து நிமிடத்தில் கார்டு. "எந்து புஸ்தகம் வேணம் மோளே?" என்று அந்த அம்மாவே கேட்டு, பழைய இடத்துக்குப் போயிருந்த புத்தகத்தை எடுத்து வந்து சீல் வைத்துக் கொடுத்தார்.

அன்று ராத்திரியே லேசர் பாடத்தை முடித்துவிட்டாள். மெக்நேர் ஆராய்ந்தது ரசாயன லேசராம். ஹைட்ரஜனும் ஃப்ளோரினும் சேர்ந்து வினைபுரியும்போது வெளிப்படும் சக்தி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளிக்கற்றையாக வருமாம். ஃப்ளோரின் கையில் பட்டால் ஆபத்து என்று அடுப்படியில் நின்று எனக்கே பாடம் எடுத்தாள்.

பேச்சை எழுதி என்னிடம் படித்துக் காட்டினாள். நாசாவுக்கு விண்ணப்பித்த 8,079 பேரில் 1978-ல் தேர்வானவர்கள் 35 பேர், அதில் இவர் ஒருவர். 1984 பிப்ரவரியில் சேலஞ்சர் விண்வெளி ஓடத்தில் போனார். கூடப் போன இருவர் முதல்முறையாகக் கயிறு கட்டாமல் விண்வெளியில் மிதந்து காட்டிய பயணம் அதுதான். அந்தப் பயணத்தில் ஓடத்தின் இயந்திரக் கையை இயக்கியவர் இவர். சாக்ஸபோனையும் கொண்டுபோய் அங்கே வாசித்தார். 1986 ஜனவரி 28, இரண்டாவது பயணம். குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையம் இறுகிப்போய் அடைப்பு விட்டு, கிளம்பின 73-வது விநாடியில் ஓடம் சிதறி ஏழு பேரும் போய்விட்டார்கள். அவருக்கு அப்போது 35 வயது. அந்த இடத்தில் குரல் அடைத்துத் தண்ணீர் கேட்டாள்.

கடைசிப் பத்தியை மட்டும் மூன்று தடவை அடித்து எழுதினாள். லேக் சிட்டியில் அவனைத் தடுத்த அந்தப் பழைய லைப்ரரிக் கட்டடம் 2011 முதல் மெக்நேர் பெயரிலேயே நினைவில்லமாக இருக்கிறது. அதைச் சொல்லி முடிப்பதா, கவுன்ட்டரில் ஏறி உட்கார்ந்ததைச் சொல்லி முடிப்பதா என்று இன்னும் யோசிக்கிறாள். பேச்சு வெள்ளிக்கிழமை. நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன், வாத்தியாரும் வருகிறார். புத்தகம் அடுத்த மாதம் 4-ம் தேதி வரை எங்கள் வீட்டில்தான்.